சிறு பை, சிற்றறை, ஓர் இரவு

(அறக்கட்டளையின் விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு மனிதன் ஓரிரவு உறங்கி எழுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? நீட்டிப் படுக்க ஆறடி வேண்டும். புரண்டு படுக்க மூன்றடி வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் தலை தட்டாதிருக்க இன்னுமொரு மூன்றடி வேண்டும். இதற்கு மேற்பட்ட இடமெல்லாம் அவனுடைய பொருள்களுக்கு வேண்டிய இடமேயாகும். இந்தக் கணக்கை ஏட்டில் எழுதியதோடு நில்லாமல், ஒரு விடுதியாகவே கட்டிக் காட்டிய நாடு ஜப்பான். பெருநகரின் நடுவே சிற்றறையில் தங்குவதற்கும் சிறு சுமையோடு பயணம் செய்வதற்கும் உள்ள உறவை, அந்நாட்டின் பட்டறிவைக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

கடைசி இரயிலைத் தவறவிட்டோர்

ஒசாகா நகரின் உமேதா, பல இரயில் தடங்கள் கூடும் பகுதி. பகலில் அலுவலகங்களும் கடைகளும் அங்கே கூட்டத்தால் நிறைந்திருக்கும்; இரவில் உணவகங்கள் ஒளிவிடும். ஜப்பானிய நகரங்களில் இரயில்கள் நள்ளிரவையொட்டி நின்றுவிடும். மறுநாள் விடியற்காலை ஐந்து மணியளவில்தான் அவை மீண்டும் ஓடத் தொடங்கும். கடைசி வண்டியைத் தவறவிட்ட அலுவலர் புறநகர் வீட்டுக்கு வாடகைக் காரில் செல்லப் பெரும்பணம் வேண்டும். நான்கு மணி நேர உறக்கத்திற்காக விடுதியில் முழு அறை எடுப்பதும் கட்டுப்படியாகாது. அத்தகையோர் பலர், சானா எனப்படும் வெப்பக் குளியல் நிலையங்களின் ஓய்வுக் கூடங்களில் கிடைத்த இடத்தில் படுத்து விடியலுக்குக் காத்திருந்தனர்.

உமேதாவில் அவ்வாறான குளியல் நிலையம் ஒன்றை நடத்திய நிறுவனம், இவர்கள் மதிப்போடு படுப்பதற்கு ஒரு வழி காண விரும்பியது. அது நாடியவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. 1934-இல் பிறந்த அவர், 1960-இல் தோக்கியோவில் நடந்த உலக வடிவமைப்பு மாநாட்டையொட்டி உருவான 'மெட்டபாலிசம்' என்னும் இயக்கத்தின் இளம் உறுப்பினர்களுள் ஒருவர். உடலில் பழைய அணுக்கள் நீங்கிப் புதியன தோன்றுவதுபோல், கட்டடத்தின் உறுப்புகளும் காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பது அவ்வியக்கத்தாரின் கொள்கை. 1970-இல் ஒசாகாவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ஆலையில் செய்யப்பட்ட பேழைகளை எஃகுச் சட்டத்தில் பொருத்தி அவர் ஒரு கூடத்தை அமைத்துக் காட்டியிருந்தார்.

அந்த எண்ணமே 1979-இல் 'கேப்சூல் இன் ஒசாகா' என்னும் விடுதியாக உமேதாவில் வடிவெடுத்தது. உலகின் முதல் கேப்சூல் விடுதி அதுவே. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட படுக்கைப் பேழைகள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கில் வரிசையாக வைக்கப்பட்டன. விளக்கு, வானொலி, எழுப்பு மணி, சிறிய தொலைக்காட்சி ஆகியவை படுத்தவாறே கை நீட்டித் தொடும் அளவில் சுவரோடு பதிக்கப்பட்டன. இதைக் கண்ட வெளிநாட்டார் சிலர் சவப்பெட்டி என்று எள்ளினர். ஆயினும், ஓய்வுக் கூடத்தின் தரையில் படுத்திருந்தவனுக்குத் தனக்கென ஒரு விளக்கும் ஒரு திரையும் கிடைத்தது சிறிய பேறு அன்று.

இதற்கு முன்னோடியான ஒரு செய்தியும் உண்டு. 1964-ஆம் ஆண்டுத் தோக்கியோ ஒலிம்பிக் போட்டியை முன்னிட்டுக் கட்டப்பட்ட நியூ ஒத்தானி விடுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. குளியலறைகளை ஒவ்வொன்றாகக் கட்டுவதற்குக் காலம் போதவில்லை. ஆதலின், தொட்டியும் கழிப்பிடமும் முகம் கழுவும் கிண்ணமும் ஒருங்கே அமைந்த குளியலறைப் பகுதிகளை ஆலையிலேயே செய்து கொணர்ந்து பொருத்தினர். பின்னர் நகர்தோறும் எழுந்த வணிகர் விடுதிகள், பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டருக்குள் கட்டிலையும் மேசையையும் குளியலறையையும் அடக்குவதற்கு இம்முறையே கைகொடுத்தது.

வாயிலில் கழலும் காலணி

கேப்சூல் விடுதிக்குள் நுழையும் பயணி முதலில் கழற்றுவது காலணியை. வாயிலருகே சிறு பெட்டகங்கள் வரிசையாக இருக்கும். காலணியை அதில் வைத்துப் பூட்டி, சாவியைப் பல விடுதிகளில் வரவேற்பு மேசையில் ஒப்படைத்தல் வேண்டும். அதற்கு ஈடாகப் பையும் உடையும் வைக்கும் இன்னொரு பெட்டகத்தின் சாவி கிடைக்கும். அப்பெட்டகம் பெரும்பாலும் ஒடுக்கமானது. தோள்பை ஒன்று அதில் அடங்கும். சக்கரம் வைத்த பெரிய பெட்டி அடங்காது. பெரும்பெட்டியோடு வந்தவர் அதனை வரவேற்பறையில் விட்டுவிட்டு, வேண்டியபோதெல்லாம் மாற்றுடைக்கும் மருந்துக்குமாக மேலும் கீழும் நடக்க நேரிடும். எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்ற அறிவுரையை எந்தப் பலகையும் சொல்வதில்லை. அந்தப் பெட்டகத்தின் அகலமே சொல்லிவிடுகிறது.

பெட்டகத்தினுள் துண்டும், 'யுகாத்தா' என்னும் எளிய பருத்தி அங்கியோ இரவுடையோ மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதனை அணிந்தபின் நிறுவனத் தலைவர் யார், கடைநிலை எழுத்தர் யார் என்று பிரித்தறிய இயலாது. அடுத்து வருவது பொதுக் குளியல். தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து உடலை நன்கு கழுவிய பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்குதல் வேண்டும். சோப்பு, தலைக்குத் தேய்க்கும் நீர்மம், பல் துலக்கி ஆகியவற்றை விடுதியே தருவது பெருவழக்கு. ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த இவ்விடுதிகள் பலவற்றில் இப்போது பெண்களுக்குத் தனித் தளமும் தனி வழியும் அமைந்துள்ளன.

பேழைக்குப் பூட்டும் கதவு கிடையாது. ஜப்பானியச் சட்டத்தின்படி இது பொதுக்கூடத்தில் படுக்கும் எளிய தங்குமிடம் என்னும் வகையைச் சேர்ந்தது. ஆகவே திரை ஒன்றே மறைப்பு. அத்திரைக்குப் பின்னால் கைப்பேசியில் பேசுதல் ஆகாது. எழுப்பு மணியை ஓங்கி ஒலிக்கவிடுதல் ஆகாது. பிளாஸ்டிக் பையைச் சலசலக்கச் செய்தல்கூடப் பக்கத்துப் பேழையில் இருப்பவரின் உறக்கத்தைக் கெடுக்கும். குறட்டைக்கு மட்டும் எந்த விதியும் பயன்படுவதில்லை. காதடைப்பானே அதற்கு மருந்து. முன்பின் அறியாத ஐம்பது பேர் ஒரே தளத்தில், பூட்டில்லாத திரைகளுக்குப் பின்னால் அச்சமின்றி உறங்குகின்றனர் என்றால், அங்கே சுவரின் வேலையை அடக்கமும் நம்பிக்கையும் செய்கின்றன என்றே கொள்ளல் வேண்டும்.

காலை பத்து மணியளவில் அனைவரும் வெளியேறல் வேண்டும். தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தங்குவோரும் பல விடுதிகளில் பகல்நேரத் துப்புரவுக்காகப் பேழையைக் காலிசெய்தே தீரவேண்டும். ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தவராகவே அவர் மாலையில் திரும்புகிறார்.

தோள் மாறிய சுமை

சிற்றறையில் இல்லாதவை எல்லாம் எங்கே போயின என்று வினவினால் ஓர் உண்மை புலப்படும். குளியலறை பொதுக்குளியலாகியது. அலமாரி பெட்டகமாகியது. படிக்கும் அறை கீழ்த்தளத்து ஓய்வுக் கூடமாகியது. துணி துவைக்கும் இடம், காசு போட்டால் இயங்கும் இயந்திரமாக ஒரு மூலையில் நிற்கிறது. தனியறை சுருங்கிய அளவுக்குப் பொதுவிடம் விரிந்திருக்கிறது. பொதுவிடம் தூய்மையாகவும் நம்பத்தக்கதாகவும் இல்லாத ஊரில் இத்தகைய விடுதியைக் கட்டினால், அது வெறும் நெரிசலாகவே முடியும்.

பயணியின் பைக்கும் இக்கணக்கே பொருந்தும். இரண்டே மாற்றுடையோடு ஒருவர் பத்து நாள் பயணம் செய்ய முடிவது, இரவில் துவைத்த துணி காலையில் உலர்ந்திருக்கும் என்னும் உறுதியினால்தான். பகலில் பையையும் தூக்கி அலையாமல் இருக்க இரயில் நிலையங்களில் காசுப் பெட்டகங்கள் உள்ளன. தலைச்சுமையை இறக்கிவைக்க நம் முன்னோர் வழியோரத்தில் நட்ட சுமைதாங்கிக் கல்லை இவை நினைவூட்டுகின்றன.

பெரிய பெட்டியோடு வந்தவருக்கும் ஒரு வழி உண்டு. 1976 ஜனவரியில் யமாத்தோ என்னும் சரக்குப் போக்குவரத்து நிறுவனம், வீட்டு வாயிலுக்கே சென்று பொதியைப் பெற்று உரியவரிடம் சேர்க்கும் 'தக்கியூபின்' பணியைத் தொடங்கியது. முதல் நாளில் அதற்குக் கிடைத்தவை 11 பொதிகள். இன்றோ, ஒரு விடுதியில் பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கைவீசி இரயிலேறினால், பெரும்பாலான ஊர்களில் மறுநாள் அடுத்த விடுதிக்கு அப்பெட்டி வந்து சேர்கிறது. குட்டியைக் கவ்விச் செல்லும் கருப்புப் பூனையின் படம் தாங்கிய அவ்வண்டிகளைக் காணாத ஜப்பானியத் தெரு அரிது.

இங்கே ஒன்றை மறத்தல் கூடாது. பெட்டியின் எடை குறையவில்லை; தோள்தான் மாறியது. இரவெல்லாம் சரக்கு வண்டி ஓட்டுபவர், மாடிப்படியில் பெட்டியைச் சுமந்து ஏறுபவர், நூறு பேழைகளில் குனிந்து புகுந்து விரிப்பை மாற்றுபவர், பொதுக்குளியலைத் தேய்த்துக் கழுவுபவர் என எத்தனையோ பேருடைய உழைப்பின்மேல் நின்றுதான் ஒருவர் கைவீசி நடக்கிறார். தானே பொருளைக் குறைத்துக்கொண்டவர் உலகின் சுமையையும் அந்த அளவு குறைத்தவராவார். பிறர் தோளில் ஏற்றிவிட்டுத் தன்னை எளியவர் என எண்ணிக்கொள்பவருக்கு அப்பெருமை இல்லை. அவர் செய்யக்கூடியது, அந்தத் தோளுக்கு உரிய கூலியும் நன்றியும் தவறாமல் கொடுப்பதே.

பாஷோவின் மூட்டை

சுமையின்றிப் பயணம் செய்ய விழைந்தோருள் ஜப்பானியர் என்றும் நினைப்பவர் கவிஞர் மட்சுவோ பாஷோ. 1689-ஆம் ஆண்டு இளவேனிலில், தாம் குடியிருந்த வீட்டையும் பிறரிடம் கொடுத்துவிட்டு, மாணவர் சோராவுடன் எதோ நகரத்தை நீங்கி வடநாடு நோக்கி நடந்தார். அந்த எதோவே இன்றைய தோக்கியோ. ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் நீண்ட அப்பயணத்தின் வரலாறு, அவர் மறைந்தபின் 1702-இல் நூலாக வெளிவந்தது.

அந்நூலின் தொடக்கப் பகுதியிலேயே தமது மூட்டையைப் பற்றி அவர் குறிப்பிடுகிறார். வெறுங்கையோடு செல்லவே அவர் விரும்பினார். ஆனால் இரவுக் குளிருக்குக் காகித ஆடை, குளித்தபின் உடுத்தப் பருத்தி அங்கி, மழைக்கு ஒரு காப்பு, மையும் தூரிகையும் என்று சில பொருள்கள் சேர்ந்துவிட்டன. இவற்றோடு, பிரிவு நேரத்தில் நண்பர்கள் அன்போடு கொடுத்த பரிசுகளும் சேர்ந்தன. அவற்றை எறிந்துவிட மனம் வரவில்லை. மெலிந்த தோள்கள் வலித்தன.

பயணத்திற்கு மூட்டை கட்டும் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் பாஷோவைத் தம் அருகில் காணலாம். தேவையற்ற பொருளை விடுவது எளிது. அன்பினால் வந்த பொருளை விடுவதுதான் அரிது. மகள் பின்னிய கம்பளிச் சட்டை, தாய் கட்டிக் கொடுத்த சிற்றுண்டிப் பொட்டலம், இளமையிலிருந்தே உடன்வரும் பழைய போர்வை ஆகியவற்றின் எடையை எந்தத் தராசும் சரியாகக் காட்டுவதில்லை.

குறைக்கலாகாத சுமையும் உண்டு. புலால் உண்ணாத பயணிக்கு ஜப்பானில் உணவே முதற்கவலை. காய்கறியும் சேமியாவும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் கிண்ணத்திலும், 'தஷி' என்னும் அடிச்சாறு சூரை மீனை உலர்த்திச் சீவிய துருவலில் வடித்ததாக இருக்கக்கூடும். கொம்பு என்னும் கடற்பாசியில் மட்டும் வடித்த தஷியும் உண்டு. கேட்டறிந்தே உண்ணல் வேண்டும். கோயில் மடங்களின் 'ஷோஜின்' உணவில் மீனும் இறைச்சியும் இடம்பெறா; பூண்டு, வெங்காயம் போன்றவையும் மரபாக விலக்கப்படும். அது எல்லா ஊரிலும் எல்லா வேளையிலும் கிடைப்பதன்று. எனவே இரண்டு சட்டைகளைக் குறைத்தாவது, வெந்நீர் ஊற்றினால் உண்ணத்தக்க உணவைப் பையில் வைத்துக்கொள்வது அத்தகையோர்க்கு அறிவுடைமை. எதை விடுவது என்பதற்கு முன்னால் எதை விடுவதில்லை என்று தெளிதல் நல்லது. மருந்தும் கடவுச்சீட்டும் கொள்கையும் எஞ்சிவிட்டால், மற்றவை தாமே சுருங்கிவிடும்.

வெளியேற முடியாத அறை

இனிச் சிற்றறையின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். குரோகாவாவின் புகழ்பெற்ற படைப்பான நககின் கேப்சூல் கோபுரம் 1972-இல் தோக்கியோவின் கின்சா அருகே எழுந்தது. வட்டச் சாளரம் கொண்ட 140 பேழைகள், ஒவ்வொன்றும் நான்கு பெரிய திருகாணிகளால், இரண்டு தூண்களில் பொருத்தப்பட்டன. வாரநாள்களில் நகரில் தங்கிப் பணிபுரிவோர்க்கான பத்துச் சதுர மீட்டர் அறைகள் அவை. இருபத்தைந்து ஆண்டுக்கொருமுறை பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாம் என்பது திட்டம். ஐம்பது ஆண்டுகளில் ஒரு பேழைகூட மாற்றப்படவில்லை. கட்டடம் சிதைந்து, 2022-இல் பிரித்தெடுக்கப்பட்டது. காப்பாற்றப்பட்ட 23 பேழைகளுள் சில அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. மாறுவதற்கென்றே படைக்கப்பட்டது மாறாமல் நின்று அழிந்தது.

இதனினும் வருந்தத்தக்க செய்தி மனிதரைப் பற்றியது. 2008-இல் உலகைத் தாக்கிய பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், வேலையும் அதனோடு குடியிருப்பும் இழந்தோர் சிலர் தோக்கியோவின் கேப்சூல் விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கினர். ஜப்பானில் வாடகை வீடு பெற முன்பணமும் பிணை நிற்பவரும் வேண்டும். வேலை தேட முகவரி வேண்டும். இவை இல்லாதவர்க்கு, ஓரிரவுக்கென்று வகுத்த பேழையே வீடாகியது. அதற்கும் வழியற்றோர் இரவெல்லாம் திறந்திருக்கும் இணைய நிலையங்களின் தடுப்பறைகளில் நாற்காலியில் சாய்ந்து உறங்குகின்றனர். தோக்கியோ பெருநகர அரசு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, குடியிருக்க வீடின்றி அவ்வாறு இரவைக் கழிப்போர் ஏறத்தாழ 4000 பேர் என்று மதிப்பிட்டது.

இருவரையும் ஒருவர் அருகே ஒருவராக நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் கையிலும் சிறு பை. மற்றவர் கையிலும் சிறு பை. ஒருவர் உறங்குவதும் ஒரு மீட்டர் அகலத்தில். மற்றவர் உறங்குவதும் அதே அகலத்தில். முன்னவர்க்குத் திரும்பிச் செல்ல வீடு உண்டு. பின்னவரிடம் இருப்பதெல்லாம் அந்தப் பைதான். முன்னவர் தம் விருப்பத்தால் பொருளுக்கு எல்லை வகுத்தார். பின்னவர்க்கு வறுமை எல்லை வகுத்தது. முன்னதை எளிமை என்று போற்றலாம். பின்னதை எளிமை என்று அழைப்பது கொடுமை. எளிமையின் அழகைப் பேசுவோர், பக்கத்துத் திரைக்குப் பின்னால் படுத்திருப்பவர் நாளை எங்கே செல்வார் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

குடிலின்மேல் பற்று

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சிற்றறையின் கணக்கைத் தம் வாழ்விலேயே போட்டுப் பார்த்தவர் கமோ நோ சோமேய் என்னும் துறவி. தலைநகரான கியோத்தோ தீயிலும் சூறைக்காற்றிலும் பஞ்சத்திலும் 1185-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திலும் நலிந்ததை அவர் கண்ணாரக் கண்டார். பெருவீடுகள் நிலையாமையை உணர்ந்து, ஹினோ மலையில் பத்தடிச் சதுரமும் ஏழடிக்குக் குறைந்த உயரமும் கொண்ட குடில் ஒன்றை அமைத்தார். மூட்டுகளைக் கொக்கிகளால் இணைத்தார். இடம் பிடிக்காவிடில் பிரித்து இரண்டே வண்டிகளில் ஏற்றிச் செல்லலாம் என்பது அவர் ஏற்பாடு. அந்த வாழ்வை 1212-இல் 'ஹோஜோகி' என்னும் சிறு நூலாக எழுதினார்.

அந்நூல் குடிலைப் புகழ்ந்ததோடு முடிந்திருந்தால் அது மற்றுமொரு நூலாகவே நின்றிருக்கும். முடிவில் அவர் தம்மைத் தாமே கேள்வி கேட்கிறார். இந்தச் சிறு குடிலின்மேல் கொண்ட விருப்பமும் ஒரு பற்றுத்தானே என்னும் ஐயம் அவருக்கு எழுகிறது. அதற்கு அவர் உள்ளம் விடையளிக்கவில்லை.

பொருள் வரைதலை இல்லறத்தார் நோன்பாகக் கொண்ட மரபினர்க்கு இந்த ஐயம் புதிதன்று. பொருளின் அளவினும் அதன்மேல் வைத்த பற்றே பெருஞ்சுமை என்பது அம்மரபு கற்பிக்கும் பாடம். எட்டுக் கிலோ பையோடு உலகைச் சுற்றினேன் என்று தருக்குபவரின் தோளில் அந்தத் தருக்கும் ஒரு கிலோவாக ஏறிக்கொள்கிறது.

சிற்றறையில் தங்கும் ஓர் இரவு இவ்வளவையும் ஒருவர்க்குக் கற்பிக்கக்கூடும். பூட்டில்லாத திரை, தம்மால் பிறர் உறக்கம் கெடாதிருத்தல் வேண்டும் என்று கற்பிக்கிறது. ஒடுங்கிய பெட்டகம், போதும் என்ற சொல்லைக் கற்பிக்கிறது. காலைப் பத்து மணி, எந்த இடமும் தமக்கு உரியதன்று என்று கற்பிக்கிறது. வீடு திரும்பிய பின் நிறைந்த அலமாரியைத் திறக்கும் வேளையில் இவற்றுள் ஒன்றாவது நினைவில் நிற்குமானால், அந்தப் பயணம் பயன்தந்ததாகும்.